கோல்டு குவிந்து கிடக்கிறது, வாங்க ஒன்றுமில்லை: உங்கள் மேசையில் பணத்துக்கு என்ன ஹவுஸ் ரூல்?

#1 சத்திரத்து_டிஎம் | ஞாயிறு காலை 9:40

வணக்கம் மக்களே. ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். ஃபைட்டர் (வீரன்), ரோக் (திருடன்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி) என்று நான்கு பேர். பதினான்கு மாதமாக நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். எல்லோரும் ஐந்தாவது லெவலுக்கு வந்தாயிற்று.

நேற்றைய செஷன் மூன்றரை மணி நேரம். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் கடைத்தெருவிலேயே போனது. ஐம்பது அடிச் சணல் கயிறு புத்தகத்தில் 1 கோல்டு, அதாவது ஒரு தங்கக் காசு. ரோக் அதை 8 சில்வருக்குக் கேட்டு இருபது நிமிடம் பேரம் பேசினான். அந்த நேரத்தில் அவன் பையில் ஆயிரத்துச் சொச்சம் கோல்டு இருக்கிறது. நானும் கடைக்காரனாக மாறி விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றேன், அது என் தப்பு. கிளெரிக் ஆடுபவர் நடுவில் எழுந்து போய், தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டார்.

இன்னொரு பக்கம் பார்த்தால், காசு கொடுத்து வாங்க அவர்களுக்கு உண்மையிலேயே எதுவும் இல்லை. ஃபைட்டர் 1,500 கோல்டு கொடுத்து பிளேட் ஆர்மர் வாங்கிவிட்டான். இனி கடைப் பட்டியலில் அவனுக்கு வேலை இல்லை. விசார்ட் மட்டும் ஸ்பெல் எழுதக் கொஞ்சம் செலவழிக்கிறான். மற்றவர்களுக்கு 50 கோல்டு ஹீலிங் போஷன், அத்தோடு சரி.

மூன்று யோசனைகள் வைத்திருக்கிறேன். காசை எண்ணுவதையே விட்டுவிட்டு 'வசதி நிலை' என்று ஒரு எண் வைப்பது. அல்லது வரி, சுங்கம், திருட்டு என்று காசைக் கரைப்பது. அல்லது மேஜிக் பொருள் விற்கும் கடை ஒன்றைத் திறந்துவிடுவது. நீங்கள் உங்கள் மேசையில் என்ன செய்கிறீர்கள்?

#2 ஒருவரிப்புலி | ஞாயிறு காலை 9:52

டிராகன் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும். பிரச்சினை முடிந்தது.

#3 வில்லாளி | ஞாயிறு காலை 10:30

புலி அண்ணா சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் ஆடுகிற பக்கம் உட்கார்ந்து அனுபவித்தவள்.

முன்பு நான் இருந்த ஒரு குழுவில் டிஎம் இதைத்தான் செய்தார். கோட்டை வாசலில் சுங்கம். சத்திரத்தில் தூங்கினால் திருட்டு. பாலம் கடந்தால் வரி. மூன்றாவது தடவை பை காணாமல் போனபோது நாங்கள் அவரிடம் எதையும் சொல்வதையே நிறுத்திவிட்டோம். காசையெல்லாம் ரத்தினமாக மாற்றி, யார் எதைத் தைத்து எங்கே ஒளித்திருக்கிறோம் என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் ஊரிலும் முதல் வேலை அறைக் கதவைப் பூட்டுவது. சாகசம் போய் பாங்க் செக்யூரிட்டி வேலை ஆகிவிட்டது.

கொடுத்ததைப் பிடுங்கினால் ஆடுகிறவர்களுக்கு ஒன்றுதான் புரியும்: இந்த ஆள் கொடுப்பது நிஜமில்லை. அப்புறம் நீங்கள் எந்தப் புதையலை வர்ணித்தாலும் யாருக்கும் கண் விரியாது.

#4 ஆறுமுகப்பகடை | ஞாயிறு மதியம் 1:15

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மருந்து தேடுவது சுலபம்.

1970-களின் டி அண்ட் டியில் கோல்டுதான் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற வைக்கும் அனுபவப் புள்ளி. குகையிலிருந்து ஒரு கோல்டை வெளியே கொண்டுவந்தால் ஒரு எக்ஸ்பி. அதனால் புதையலை அள்ளிக் கொட்டியே ஆக வேண்டும். கொட்டியதைக் கரைக்கவும் வழி இருந்தது. 1979-இல் வந்த டிஎம் கைடில் லெவல் ஏறப் பயிற்சிக் கட்டணம் உண்டு: வாரத்துக்கு உங்கள் லெவலை 1,500-ஆல் பெருக்கி வருகிற கோல்டு. நாலாவது லெவல் ஆள் ஒரு வாரத்துக்கு 6,000 கட்ட வேண்டும். பொருள்களின் விலை ஏன் இவ்வளவு அநியாயமாக இருக்கிறது என்பதற்கும் டி அண்ட் டியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கைகாக்ஸ் 1978-லேயே ஒரு சமாதானம் எழுதிவைத்தார்: அலாஸ்காவில் தங்க வேட்டை நடந்த காலத்து ஊர்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே முட்டை ஒன்று ஒரு டாலருக்கு விற்றது என்று.

பிறகு 2000-இல் மூன்றாம் பதிப்பும் 2003-இல் 3.5-உம் வந்தன. அங்கே காசுதான் பலம். எந்த லெவலுக்கு எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்று அட்டவணையே உண்டு. 3.5-இல் பத்தாவது லெவலுக்கு 49,000, இருபதாவதுக்கு 7,60,000. ஒரு +1 லாங்ஸ்வார்ட் (மேஜிக் வாள்) 2,315 கோல்டு. டிஎம் கஞ்சத்தனம் காட்டினால் குழு அடிவாங்கும், ஏனென்றால் அரக்கர்களின் கணக்கே உங்கள் கையில் அந்தச் சாமான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது.

ஐந்தாம் பதிப்பு வந்தபோது எக்ஸ்பிக்கும் காசுக்கும் தொடர்பில்லை. பயிற்சிக் கட்டணம் கட்டாயமில்லை. மேஜிக் பொருள் இல்லாமலே ஆட்டம் ஓடும் என்று கணக்கை அமைத்தார்கள். நல்லதுதான். ஆனால் புதையல் அட்டவணையை மட்டும் குறைக்கவில்லை. 5 முதல் 10 வரையிலான சவால் நிலைக்கு (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) ஒரு புதையல் குவியலில் சராசரியாக நாணயமே 3,857 கோல்டு மதிப்புக்கு வரும், ரத்தினமும் கலைப்பொருளும் தனி. அந்த நிலையில் ஒரு கேம்பெய்னுக்கு (தொடர்கதையாக ஆடும் ஆட்டத்துக்கு) பதினெட்டுக் குவியல் என்று புத்தகமே சொல்கிறது. கிட்டத்தட்ட 69,000. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 17,000-க்கு மேல். கடையில் மிக விலையான கவசமோ 1,500. குழாயைத் திறந்துவிட்டு சாக்கடையை அடைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் நிற்பதில் ஆச்சரியமில்லை.

ஒரு வேடிக்கைக் கணக்கு. புத்தகத்தில் ஐம்பது நாணயம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு கோல்டு சுமார் 9 கிராம், நம் பவுனைவிட ஒரு கிராம் கூட. பிளேட் ஆர்மரின் 1,500 கோல்டு என்பது பதின்மூன்றரை கிலோ தங்கம், 1,700 பவுன்! கூலியாளுக்கு நாளுக்கு 2 சில்வர். அவன் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்தக் கவசம் வாங்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும். பழைய பதிப்பில் பத்து நாணயம்தான் ஒரு பவுண்டு, அதாவது காசு ஒவ்வொன்றும் ஐந்தரைப் பவுன். கல்யாண மண்டபத்தில்கூட அந்தக் கனத்தில் காசு பார்த்ததில்லை.

#5 சத்திரத்து_டிஎம் | ஞாயிறு மதியம் 2:05

அண்ணா, அந்தக் குழாய் உவமை என் நெஞ்சைத் தொட்டது. இப்போது புரிகிறது, நான் அட்டவணையைப் பார்த்துப் பகடை உருட்டி அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தேன். வில்லாளி, பிடுங்கும் யோசனையைக் கைவிட்டேன். காசை எண்ணுவதையே விட்டுவிடும் முறை எப்படி? யாராவது ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?

#6 கடன்காரன் | ஞாயிறு இரவு 8:20

பார்த்திருக்கிறேன். மூன்று விதமாக.

2002-இல் வந்த டி20 மாடர்ன் என்ற ஆட்டத்தில் ரொக்கமே கிடையாது, வெல்த் போனஸ் என்று ஓர் எண். பொருளுக்கு ஒரு கொள்முதல் எண். இருபது முகப் பகடையை உருட்டி போனஸைக் கூட்டி அதைத் தாண்டினால் பொருள் உங்களுக்கு. பொருள் உங்கள் வசதிக்கு மேலே இருந்தால் போனஸ் குறையும். படிக்கும்போது அருமை. ஆடும்போது ஒருவன் உருட்டி உருட்டித் தோற்று, துப்பாக்கிக்குத் தோட்டா வாங்க முடியாமல் நின்றான். அவன் கதாபாத்திரம் டாக்டர். அந்த மேசையில் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் அது ஆட்டத்துக்கு உதவவில்லை.

கால் ஆஃப் கத்துலு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் கிரெடிட் ரேட்டிங், அதாவது ஆளின் வசதியைக் காட்டும் எண். அது எனக்குப் பிடித்தது. 1920-களில் நடக்கும் கதை என்றால், 10 முதல் 49 வரை ரேட்டிங் உள்ள நடுத்தர ஆள் ஒரு நாளைக்கு 10 டாலர் வரை செலவழிப்பதை எழுதவே வேண்டாம். அதற்கு மேல் போனால்தான் கையிருப்பைப் பார்க்க வேண்டும். டாக்ஸிக்கும் காபிக்கும் யாரும் கணக்குப் போடுவதில்லை, டைனமைட் வாங்கினால் மட்டும் போடுகிறோம்.

பர்னிங் வீல் என்ற ஆட்டத்தில் ரிசோர்ஸஸ் (வசதி) என்பது ஒரு திறமை மாதிரி. உருட்டித் தோற்றால் அந்த எண்ணே தேய்ந்துபோகும் ஆபத்து உண்டு. அங்கே ஒரு குதிரை வாங்குவதே ஒரு காட்சி. பயந்து பயந்து வாங்குவோம்.

ஆனால் டிஎம் தம்பிக்கு என் பதில் வேறு. உங்கள் ஆட்கள் கயிற்றுக்கு இருபது நிமிடம் பேரம் பேசியவர்கள். எண்ணிக்கை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. எண்ணவே வேண்டாம் என்றால் பொம்மையைப் பிடுங்கின மாதிரி ஆகும். கடன் கொடுங்கள். 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் ஒரு சாதாரண ஃப்ரீ டிரேடர் கப்பல் சுமார் 3 கோடியே 70 லட்சம் கிரெடிட். மாதத் தவணை 1,54,500, நாற்பது வருடத்துக்கு. அந்தத் தவணைதான் கதையை ஓட்டும். மாதக் கடைசி வந்தால் எந்தச் சந்தேகச் சரக்கையும் ஏற்றுவோம். டிஎம் தூண்டிலே போட வேண்டாம், நாங்களே வேலை தேடி அலைவோம்.

#7 மூட்டைதூக்கி | திங்கள் காலை 7:10

எல்லோரும் காசை எப்படி எண்ணாமல் இருப்பது என்றே பேசுகிறீர்கள். எனக்கு எண்ணுவதுதான் ஆட்டமே.

ஆறுமுகம் அண்ணன் சொன்ன அந்தச் சராசரிக் குவியலை யாராவது தூக்கிப் பார்த்தீர்களா? 7,000 சில்வர், 2,100 கோல்டு, 700 காப்பர், 105 பிளாட்டினம். மொத்தம் 9,905 நாணயம். 198 பவுண்டு, 90 கிலோ. ஸ்ட்ரெங்த் 10 உள்ள விசார்ட் 150 பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது, அதுவும் வேறு எதுவும் இல்லாவிட்டால். குகையின் மூன்றாம் தளத்தில் இந்தக் குவியல் கிடைத்தால் அது பரிசு இல்லை, பிரச்சினை. எதை விட்டுவிட்டுப் போவது? மேலே போய்க் கழுதையோடு திரும்பி வருவதற்குள் யார் வந்துவிடுவார்கள்? என் மேசையில் இதற்காகவே இரண்டு செஷன் ஓடியிருக்கிறது. சண்டையைவிடச் சுவையாக இருந்தது.

உங்கள் மேசையில் எல்லோரும் காசை வெறும் எண்ணாகத் தாளில் எழுதுகிறார்கள். எண்ணுக்கு எடை கிடையாது. எடை போடுங்கள், பாதிக் காசு தானாகவே குகையில் கிடக்கும். யாரும் திருட வேண்டாம்.

#8 ஆறுமுகப்பகடை | திங்கள் காலை 9:00

மூட்டை, பேக் ஆஃப் ஹோல்டிங் என்று ஒரு மேஜிக் பை இருக்கிறதே. 500 பவுண்டு கொள்ளும், அது 25,000 நாணயம். ஒன்று கிடைத்ததும் உங்கள் எடைக் கணக்கு மொத்தமும் அம்பேல். கிடைக்காதவரை, நாலு பேரும் எக்செல் திறந்துகொண்டு உட்கார வேண்டும். நான் பகலெல்லாம் அதைத்தான் ஆபீஸில் செய்கிறேன்.

#9 மூட்டைதூக்கி | திங்கள் காலை 9:20

என் மேசையில் அந்தப் பை இல்லை. கொடுக்கவே மாட்டேன். என் வீட்டு விதி அது ஒன்றுதான். பவுண்டு கணக்கு உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் இடக் கணக்கு வையுங்கள்: ஸ்ட்ரெங்த் எவ்வளவோ அத்தனை கட்டம் தாளில், ஒரு சாமான் ஒரு கட்டம், ஐந்நூறு காசு ஒரு கட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட நிரப்பும்.

குகை, காடு, பாலைவனம் என்று போகிற கேம்பெய்னுக்குத்தான் இது பொருந்தும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அரண்மனைச் சூழ்ச்சி ஆடுகிறவர்கள் ஒரே ஊரில் வீடு எடுத்துத் தங்கியிருப்பார்கள், அவர்களுக்கு மூட்டை எதற்கு?

#10 புதுப்பகடை | திங்கள் மாலை 6:45

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் முதல் தடவை ஆடப்போகிறேன், மாங்க் கதாபாத்திரம். தொடக்கக் காசுக்குப் பகடை உருட்டச் சொன்னார்கள். எனக்கு 11 கோல்டு வந்தது. பக்கத்தில் ஃபைட்டர் ஆடும் நண்பருக்கு 140. இது சரியா? ஏதாவது தப்பாக உருட்டினேனா?

#11 வில்லாளி | திங்கள் மாலை 7:02

தப்பில்லை தம்பி. ஃபைட்டருக்கு 5டி4-ஐ (நான்கு முகப் பகடை ஐந்தின் கூட்டுத்தொகை) பத்தால் பெருக்க வேண்டும், மாங்குக்குப் பெருக்கல் கிடையாது. கவசம் வேண்டாத துறவி என்று கணக்கு. ஃபைட்டருக்கோ செயின் மெயில் கவசம் ஒன்றுக்கே 75 போய்விடும். காசு உருட்டாமல் கதாபாத்திர வகையோடு வரும் சாமான் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று டிஎம்மிடம் கேளுங்கள், அது எல்லோருக்கும் நியாயமாக இருக்கும்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் டிஎம் என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறீர்கள். ஆடுகிறவர்களிடம் 'உனக்கு என்ன வேண்டும்' என்று யாராவது கேட்டீர்களா?

இப்போது நான் ஆடும் குழுவில் டிஎம் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். உன் கதாபாத்திரம் காசு கொடுத்து அடைய விரும்பும் மூன்று விஷயம் எழுது, விலை நான் போடுகிறேன் என்றார். ஒருவர் ஃப்ளேம் டங் வாள் எழுதினார். ஒருவர் கலைத்துப்போட்ட தன் பழைய படைப்பிரிவைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். என் கிளெரிக் பிறந்த ஊரில் ஒரு கிணறு வெட்ட வேண்டும் என்று எழுதினேன். அவர் 400 கோல்டு என்றார், பாறை வந்ததால் 250 கூட ஆயிற்று. அந்தக் கிணற்றுக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட வேலைகள்தான் பாதிக் கதை. கிணற்றில் தண்ணீர் வந்த அன்று நிஜமாகவே கைதட்டினோம். பிறகு ஒரு தடவை எங்களைத் துரத்திக்கொண்டு குதிரைப்படை வந்தபோது அந்த ஊர் எங்களை நான்கு நாள் ஒளித்து வைத்தது. எந்தக் கடையிலும் அந்தப் பாதுகாப்பு விற்பனைக்குக் கிடையாது.

#12 கடன்காரன் | திங்கள் இரவு 9:30

கிணறு அருமை. வில்லாளி சீட்டு என்றதும் எனக்கு வேறு சீட்டு நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது லெவலில் நான்கு பேரும் சேர்ந்து ஏலச்சீட்டு ஆரம்பித்தார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களே. ஒவ்வொரு புதையல் முடிந்ததும் ஆளுக்கு 100 கோல்டு போட வேண்டும். மொத்தம் 400. அவசரமாகத் தேவைப்படுகிறவர் தள்ளி எடுக்கலாம், தள்ளிய தொகையை நால்வரும் பிரித்துக்கொள்வார்கள். முதல் சீட்டிலேயே பாலடின் (புனித வீரர்) 80 தள்ளி, 320 எடுத்து, ஆளுக்கு 20 கழிவு கொடுத்தார். போர்க்குதிரைக்கு முன்பணம் கட்டினார். அடுத்த செஷனில் ஓர் ஓகர் அரக்கன் அடித்து பாலடின் செத்துப்போனார்.

சீட்டு எடுத்தவன் செத்தால் மிச்சத் தவணை யார் கட்டுவது? அன்றைக்குச் சண்டைக் காட்சிக்கு முக்கால் மணி நேரம், இந்தப் பஞ்சாயத்துக்கு ஒன்றரை மணி நேரம். கடைசியில் அவருடைய புதுக் கதாபாத்திரம் செத்தவரின் தம்பி என்று முடிவானது. கடனைத் தீர்க்க வந்தவன். இரண்டு வருடம் ஆகிறது, அந்தத் தம்பி இன்னும் ஆடுகிறான், எங்கள் குழுவிலேயே நல்ல கதாபாத்திரம் அவன்தான்.

#13 ஒருவரிப்புலி | திங்கள் இரவு 9:41

ஜாமீன் கையெழுத்து வாங்காமல் சீட்டு கொடுத்தது தப்பு.

#14 சத்திரத்து_டிஎம் | செவ்வாய் இரவு 10:50

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வரைவு போட்டிருக்கிறேன். குத்திக் கிழியுங்கள்.

கடை வேலை இனி செஷனில் இல்லை, வாரநாளில் வாட்ஸாப்பில். புத்தக விலைதான், பேரம் கிடையாது. செஷனில் கடைக்காரன் வந்தால் அவனிடம் ஏதோ கதை இருக்கிறது என்று பொருள்.

சில்லறைச் சாமானுக்கு 'பயண மூட்டை'. பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தில் எதை எடுத்து வந்தேன் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டாம், எவ்வளவு சுமை என்று மட்டும் முடிவு செய்தால் போதும், உள்ளே போன பிறகு தேவைப்படும்போது இதோ இருக்கிறது என்று எடுக்கலாம். அதையே கொஞ்சம் மாற்றி, கிளம்பும் முன் 25 கோல்டு கட்டிவிட்டால் அந்த மதிப்புக்குள் கயிறு, தீப்பந்தம், கொக்கி எதுவானாலும் வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு ஏற்ற உச்ச விலை. கிராமத்தில் 50 கோல்டுக்கு மேல் எதுவும் கிடைக்காது, சிறு நகரத்தில் 500, தலைநகரில் 5,000. அதற்கு மேல் வேண்டுமானால் ஆளைப் பிடித்து, சொல்லிவைத்து, காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, செலவழித்தால் எக்ஸ்பி. டி அண்ட் டியை உருவாக்கிய இன்னொருவரான டேவ் ஆர்னெசன் நடத்திய பிளாக்மூர் கேம்பெய்னில் புதையலைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, தன் ஆசைக்கு அதைச் செலவழித்தால்தான் எக்ஸ்பி என்று ஒரு விதி இருந்தது, 1977-இல் அவர் வெளியிட்ட குறிப்புகளில் படித்தேன். அதே மாதிரி ஒரு கோல்டுக்கு ஒரு எக்ஸ்பி. விருந்து, தானம், கிணறு எதுவானாலும் சரி. ஆனால் தனக்குச் சண்டையில் பயன்படும் சாமானாக இருக்கக் கூடாது.

#15 ஆறுமுகப்பகடை | புதன் காலை 8:30

பேரத்தை நிறுத்தியதற்கு முதலில் கைகொடுங்கள்.

எக்ஸ்பி கணக்கை உரசிப் பார்த்தேன். ஐந்திலிருந்து ஆறாவது லெவலுக்கு 7,500 எக்ஸ்பி வேண்டும். சராசரிக் குவியலில் ஒருவர் பங்கு சுமார் 964. அதை முழுக்கச் செலவழித்தால் எட்டில் ஒரு பங்கு ஏணி. பரவாயில்லை, தாங்கும். ஆனால் இதை முதல் லெவலிலிருந்து வைத்திருந்தால் குட்டிச்சுவர்தான். ஒன்றிலிருந்து இரண்டுக்கு வெறும் 300 எக்ஸ்பி. யாராவது ஒரு நல்ல கவசத்தைக் கண்டெடுத்து விற்று ஊருக்குப் பந்தி போட்டால் அன்றே லெவல் ஏறிவிடுவார்கள். நீங்கள் ஐந்தில் தொடங்குவதால் தப்பித்தீர்கள்.

இன்னொரு ஓட்டை, எதிரியின் சாமான். ஹாப்காப்ளின் அரக்கன் ஒவ்வொருவனும் செயின் மெயில் போட்டிருப்பான். பன்னிரண்டு பேரை வீழ்த்தினால் பாதி விலைக்கு விற்றாலே 450 கோல்டு. அரக்கர்களின் சாமான் பெரும்பாலும் விற்கிற நிலையில் இருக்காது என்று புத்தகத்திலேயே ஒரு வரி இருக்கிறது, அதை மேசையில் சத்தமாகப் படித்துவிடுங்கள். படிக்காவிட்டால் உங்கள் ரோக் பழைய இரும்புக் கடையே திறப்பான்.

மேஜிக் பொருள் விலைக்கு 2014 புத்தகத்தை நம்பாதீர்கள். ரேர் (அரிய வகை) என்றால் 501 முதல் 5,000 வரை என்பது விலையே இல்லை. 2024 டிஎம் கைடில் நேராக அன்காமன் 400, ரேர் 4,000 என்று வைத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதே புத்தகத்தில் ஐந்தாவது லெவலிலிருந்து பாஸ்டியன் என்று சொந்தக் கோட்டை கட்டும் விதியும் இருக்கிறது, பிடித்தால் பாருங்கள். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

#16 சத்திரத்து_டிஎம் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு காலை 11:20

வரைவை ஆடிப் பார்த்த அறிக்கை. நான்கு செஷன் ஆடினோம்.

வாட்ஸாப் கடை வெற்றி. செஷனில் கடைத்தெருவுக்குப் போன நேரம் மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். ரோக் முதல் வாரம் மட்டும் 'கயிறு என்ன விலை' என்று குரூப்பில் கேட்டுக்கொண்டிருந்தான். குரூப் விவரத்திலேயே 'கயிறு 1 கோல்டு' என்று எழுதிவைத்துவிட்டேன்.

பயண மூட்டையில் ஒரு பொத்தல். அதே ரோக், 25 கோல்டு மூட்டையிலிருந்து 25 கோல்டுக்குத் திருட்டுக் கருவிப் பெட்டி ஒன்றை முழுசாக எடுத்தான். அடுத்த பயணத்தில் ஒரு சுவர் முன்னால் நின்று பத்தடி ஏணியை எடுத்தான். ஏணி புத்தகத்தில் 1 சில்வர்தான், விதிப்படி தப்பில்லை. ஆனால் அதை இரண்டு நாளாகக் குறுகலான சுரங்கப் பாதையில் எப்படித் தூக்கி வந்தான் என்று கிளெரிக் கேட்டபோது யாருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது திருத்தம்: ஒரு பொருள் 5 கோல்டுக்கு மேல் கூடாது, முதுகுப் பையில் அடங்க வேண்டும்.

பெரிய சிக்கல் நான் நினைக்காத இடத்தில் வந்தது. செலவழித்தால் எக்ஸ்பி என்றதும் விசார்ட் 600 கோல்டுக்கு ஊர் கலைஞர்களைக் கூட்டி மூன்று நாள் கூத்து நடத்தி எக்ஸ்பியை வாரிக்கொண்டான். கிளெரிக்கோ தன் பங்கில் 300 கோல்டு வைரம் வாங்கினார், ரெவிவிஃபை மந்திரத்துக்கு. அந்த வைரத்தைச் செலவழித்து ஃபைட்டரைப் பிழைக்க வைத்தார். அது 'சண்டைச் சாமான்' என்பதால் நான் எக்ஸ்பி கொடுக்கவில்லை. அவர் கோபமே படவில்லை. 'சரி, அடுத்த தடவை நானும் கூத்து வைக்கிறேன், செத்தவன் அப்படியே கிடக்கட்டும்' என்றார். சாதாரணமாகச் சொன்னார். மேசை அப்படியே அமைதியாகிவிட்டது.

விதி அவரைத் தண்டித்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அன்றே உட்கார்ந்து பேசினோம். ஃபைட்டர் ஆடுபவரின் குடும்பம் விருதுநகர்ப் பக்கம் கடை வைத்திருந்தவர்கள். அவர் சொன்னார், 'மகமை வைத்துவிடலாம்' என்று. வியாபாரத்தில் முதலில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். இப்போது எந்தப் புதையலிலும் ஐந்தில் ஒன்று மகமைப் பெட்டிக்கு. வைரம், போஷன், சத்திர வாடகை எல்லாம் அதிலிருந்து. மிச்சம் அவரவர் இஷ்டம். கிளெரிக்குக்கு அந்த 300 எக்ஸ்பியைப் பின்தேதியிட்டுக் கொடுத்துவிட்டேன்.

வில்லாளி சொன்ன மூன்று விருப்பச் சீட்டும் வாங்கினேன். ரோக் மூன்றிலும் 'கயிற்றுக் கடை' என்று எழுதிக் கொடுத்தான். 700 கோல்டு விலை போட்டிருக்கிறேன்.

#17 வில்லாளி | ஞாயிறு காலை 11:48

உங்கள் கிளெரிக்கை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

#18 மூட்டைதூக்கி | ஞாயிறு மதியம் 12:05

மகமைப் பெட்டியை யார் தூக்குவது?

#19 சத்திரத்து_டிஎம் | ஞாயிறு மதியம் 12:30

கழுதை வாங்கினார்கள், 8 கோல்டு. பெயர் கணக்குப்பிள்ளை. போன வாரம் அதன் மேல் ஓர் அம்பு பட்டது. நேற்றிலிருந்து நான்கு பேரும் கழுதைக்குப் பிளேட் கவசம் கேட்கிறார்கள். விலங்குக் கவசம் நான்கு மடங்கு விலை, 6,000. தலைநகரின் உச்ச விலையையே தாண்டுகிறது, கொல்லனைத் தேடிக் கிளம்பப்போகிறார்கள். இரண்டு பேர் தங்கள் சொந்தப் பங்கிலிருந்து கொடுக்கத் தயார்.

#20 மூட்டைதூக்கி | ஞாயிறு மதியம் 12:34

எடையும் இரண்டு மடங்கு, 130 பவுண்டு. கழுதை தூக்குவது 420. மிச்சம் 290. பெட்டி வெறுமனே 25 பவுண்டு, அதையும் கழித்தால் 13,250 காசு வரை தாங்கும். வாங்கச் சொல்லுங்கள்.